ஹைட்ரஜன் சக்தி: தேசத்தின் வளமா, முதலாளிகளின் லாபமா?

(அரியலூரில் நடந்த அரசியல் வகுப்பில், அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களைச் சேர்ந்த விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், சிமெண்டுத் தொழிலாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



"ஹைட்ரஜன் சக்தியும் தேசத்தின் பொருளாதார வளமும்" என்ற தலைப்பில் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவருக்கும், மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவருக்கும், முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிற தாய்மாருக்கும் இந்த விஷயத்தில் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. உங்கள் யூரியா மூட்டையில் ஹைட்ரஜன் இருக்கிறது. நீங்கள் கட்டும் மின்சாரக் கட்டணத்தில் அது நுழையப் பார்க்கிறது. நாளைக்கு உங்கள் நிலத்தையும் கிணற்றையும் தேடி அது வரக்கூடும். ஆகவே, வருவதற்கு முன்பே அது இன்னதென்று தெரிந்துகொள்வது நல்லது.

ஹைட்ரோகார்பன் வேறு, ஹைட்ரஜன் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்தில் "ஹைட்ரோ" என்று வாயெடுத்தாலே ஜனங்களுக்குக் கோபம் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. 2020-ம் ஆண்டில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது, அதில் அரியலூர் ஜில்லா சேர்க்கப்படவில்லை. அடுத்த ஆண்டே, 2021-ல், அரியலூர் ஜில்லாவில் பத்து இடங்களில் எண்ணெய்க் கிணறு தோண்டிப் பார்க்க ஓ.என்.ஜி.சி. அனுமதி கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, ராஜ்ய சர்க்கார் அனுமதி மறுத்தது. ஓ.என்.ஜி.சி. பொதுத்துறை ஸ்தாபனம்தான். பொதுத்துறை என்பதற்காக விளைநிலத்தை விட்டுக்கொடுத்துவிட முடியாது என்பதே நமது நிலை.

அது ஹைட்ரோகார்பன்: பூமிக்குள் கிடக்கும் எண்ணெயும் வாயுவும். இன்று நாம் பேசப்போவது ஹைட்ரஜன். தண்ணீரில் இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு பிராணவாயு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் இரண்டும் பிரிந்துவிடும். பிரிந்த ஹைட்ரஜனை எரித்தால் புகை இல்லை, கரி இல்லை. மறுபடியும் தண்ணீர்தான் மிஞ்சும். சூரிய ஒளியாலோ காற்றாலையாலோ கிடைத்த மின்சாரத்தைக் கொண்டு இப்படிப் பிரித்தெடுப்பதைத்தான் "பசுமை ஹைட்ரஜன்" என்கிறார்கள்.

ஆனால் உலகத்தில் இன்று உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் ஆகப் பெரும்பகுதி இப்படி வருவதில்லை. இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் எடுக்கிறார்கள். அதனால் கரியமில வாயு ஏராளமாக ஆகாயத்தில் கலக்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உரத் தொழிற்சாலைகளிலும் அது செலவாகிறது.

சக்தியைச் சுமக்கும் வண்டி

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். நிலக்கரியைப் போல ஹைட்ரஜன் தோண்டியெடுத்து எரிக்கிற பொருளாக நமக்குக் கிடைப்பதில்லை. மின்சாரத்தையோ வேறு எரிபொருளையோ போட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். அது சக்தியைச் சுமந்து செல்லும் வண்டி. சக்தியைப் பெற்றெடுக்கும் தாய் அல்ல.

நான் பத்தாவதோடு படிப்பை முடித்தவன். இருந்தாலும் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும், இந்தக் கணக்கு விளங்கிவிடும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவுக்குள் அடங்கியிருக்கும் சக்தி சுமார் 33 யூனிட். அதைத் திரும்ப மின்சாரமாக மாற்றினால், ஏறக்குறைய அதில் பாதிதான் கைக்கு வரும். ஐம்பதைப் போட்டுப் பதினாறு, பதினேழை எடுக்கிற வியாபாரம் இது!

ஆகவே வீட்டு அடுப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஹைட்ரஜன் என்று பேசுவது வீண் ஆடம்பரம். மின்சாரத்தை நேரே உபயோகிக்க முடிந்த இடத்தில் நேரே உபயோகிப்பதுதான் சிக்கனம். மின்சாரத்தால் மட்டும் முடியாத காரியங்களுக்கு, அதாவது உரம் செய்ய, இரும்புத் தாதுவை உருக்காக்க, பெரிய கப்பல்களை ஓட்டத்தான் ஹைட்ரஜன் தேவைப்படுகிறது.

நம் அரியலூர் சிமெண்டுத் தொழிலையே பாருங்கள். சூளைக்கு நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜன் போட்டால் புகையே இராது என்று சொல்வோர் உண்டு. சூளையில் வேலை செய்யும் தோழர்களுக்குத் தெரியும், புகைக்கு இரண்டு காரணங்கள் உண்டு என்று. ஒன்று எரிபொருள். மற்றொன்று கல்லே. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால், 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எதைக் கொண்டு எரித்தாலும் இந்த 44 கிலோ போகத்தான் செய்யும். விஞ்ஞானத்தின் பேரால் பேசுகிறவர்கள் இந்த உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிய சரக்கல்ல

இது ஏதோ நேற்று அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1923-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். நிலக்கரி தீர்ந்துபோகும் காலத்தில், வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நிறுத்தி, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனைத் திரவமாக்கிப் பூமிக்கடியில் சேமித்துவைப்பார்கள் என்று அதில் அவர் விவரித்தார். அந்த ஹால்டேன் பிற்காலத்தில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். "டெய்லி ஒர்க்கர்" பத்திரிகையில் தொழிலாளருக்காக விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். 1957-ல் நம் நாட்டுக்கு வந்து குடியேறி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

நம் நாட்டிலேயே இது நடந்தும் இருக்கிறது. பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு, 1960-களின் தொடக்கத்தில், பஞ்சாபில் நங்கல் உரத் தொழிற்சாலையில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள், உரம் செய்தார்கள். 1962-ல் அதே இடத்தில் அணுசக்திக்கு வேண்டிய கனநீரும் உற்பத்தியாயிற்று. இன்றைய பாஷையில் சொன்னால் அதுதான் பசுமை ஹைட்ரஜன். செய்தது யார்? பொதுத்துறை! பிற்காலத்தில் மின்சாரத்துக்கு மற்றத் தேவைகள் பெருகவே, அந்த முறையைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறினார்கள். ஹைட்ரஜனுக்குப் போகும் மின்சாரம் வேறு யாருக்கோ இல்லாமல் போகிற மின்சாரம் என்ற பாடத்தை நங்கல் நமக்குக் கற்றுத் தருகிறது.

நம் கைக்கெட்டிய தூரத்திலும் திறமைக்குக் குறைவில்லை. திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியில் இஸ்ரோ விஞ்ஞானிகள் திரவ ஹைட்ரஜனைக் கொண்டு ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிறது. மின்சாரத்தால் பொருள்களைப் பிரிப்பதும் அதன் ஆராய்ச்சித் துறைகளில் ஒன்று. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் ஓடும் ரயில் பெட்டியை நம் தொழிலாளிகள் செய்து, 2025 ஜூலையில் சோதித்துக் காட்டினார்கள். திருச்சியில் பெல் தொழிற்சாலை இருக்கிறது. உயர் அழுத்தக் கொதிகலன் செய்யத் தெரிந்த கைகளுக்கு ஹைட்ரஜன் தொட்டியும் குழாயும் செய்யத் தெரியாதா?

திட்டத்தில் யாருக்கு எவ்வளவு?

2023 ஜனவரி 4-ந் தேதி மத்திய மந்திரிசபை தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன். 8 லட்சம் கோடி ரூபாய் முதலீடு. 6 லட்சம் பேருக்கு வேலை. எரிபொருள் இறக்குமதியில் ஒரு லட்சம் கோடி ரூபாய் மிச்சம் என்று சொன்னார்கள். நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ யுத்தம் மூண்டால் இங்கே டீசல் விலை ஏறுகிறது, உரக் கடையில் வரிசை நீளுகிறது. இந்தத் தளையை அறுப்பது தேசத்துக்கு நல்லதுதான்.

ஆனால் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது? மத்திய சர்க்கார் ஒதுக்கிய மொத்தத் தொகை 19,744 கோடி ரூபாய். இதில் ஹைட்ரஜன் உற்பத்திக்கும், அதற்கான யந்திர உற்பத்திக்கும் கம்பெனிகளுக்கு ஊக்கத்தொகை 17,490 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி! நூறு ரூபாயில் எண்பத்தெட்டு ரூபாய்க்கு மேல் கம்பெனிகளுக்கு. இரண்டு ரூபாய் விஞ்ஞானத்துக்கு. ஊக்கத்தொகைக்கு ஏலம் நடந்தபோது ரிலையன்ஸ், அதானி குழுமங்கள் அதில் இடம் பிடித்துக்கொண்டன.

இதோடு நிற்கவில்லை. 2030 டிசம்பருக்குள் தொடங்கும் பசுமை ஹைட்ரஜன் ஆலைகளுக்கு, ராஜ்யம் விட்டு ராஜ்யம் மின்சாரம் கொண்டுபோகும் கட்டணம் 25 ஆண்டுகளுக்குத் தள்ளுபடி. கம்பி போட்ட செலவு காற்றில் கரைந்துவிடுமா? அவர்கள் கட்டாததை மற்ற உபயோகஸ்தர்கள் தலையில்தான் கட்டுவார்கள். அந்த மற்றவர்களில் பெரம்பலூர்க் குடிசை வீடும் உண்டு, அரியலூர்ச் சிறு பட்டறையும் உண்டு.

50 லட்சம் டன்னுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள். கிலோவுக்கு 50 யூனிட் வீதம் 25,000 கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும் ஓராண்டில் செலவாகும் மின்சாரத்தைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு! இவ்வளவு பெரிய மின்சாரத்தை யார் உற்பத்தி செய்வது, யார் கையில் அது இருப்பது, யாருக்கு முதலில் போவது? இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தேசத்தின் வளத்தைப் பற்றிப் பேச முடியாது.

வ.உ.சி.யின் துறைமுகத்தில்

தமிழ்நாட்டில் ஹைட்ரஜனின் மையமாகத் தூத்துக்குடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் சிங்கப்பூர் கம்பெனி ஒன்று 36,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்ய ஒப்பந்தம் போட்டது. ஹைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் கப்பலேற்றி ஜப்பானுக்கு அனுப்புவதும் அவர்கள் யோசனையில் இருக்கிறது.

தோழர்களே! அந்தத் துறைமுகத்துக்கு யாருடைய பெயர்? வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர். 1906-ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வீரன் அவர். அன்று நம் பருத்தி கப்பலேறிப் போயிற்று. துணியாகத் திரும்பி வந்தது. லாபம் லங்காஷயரில் தங்கியது. இன்று நம் வெயில், நம் காற்று, நம் தண்ணீர் ஆகிய மூன்றையும் ஒரு தொட்டியில் அடைத்து அனுப்பிவிட்டு, யூரியாவுக்கு நாமே வெளிநாட்டின் கதவைத் தட்டுவது என்றால், அதற்கு வளம் என்று பெயர் சொல்லலாமா? ஏற்றுமதி கூடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்த பிறகு விறகு விற்போம் என்கிறோம்.

யூரியா மூட்டையின் கணக்கு

நம் நாட்டில் செய்யும் யூரியா இயற்கை வாயுவை வைத்துச் செய்யப்படுகிறது. அந்த வாயுவில் பெரும்பகுதி இறக்குமதி. 1960-களில் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்தே யூரியா செய்தார்கள். அந்த உரத் தொழிற்சாலை இன்று இல்லை. ஆகவே ஹைட்ரஜன் முதலில் போகவேண்டிய இடம் உரத் தொழிற்சாலைதான்.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குக் குறைந்தது நாலரைக் கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்க 225 யூனிட் மின்சாரம். யூனிட் 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மின்சாரத்துக்கு மட்டும் 675 ரூபாய். மூட்டைக்கு விவசாயி கொடுப்பதோ சுமார் 266 ரூபாய். மீதியைச் சர்க்கார் மானியமாகக் கொடுத்தால்தான் மூட்டை வயலுக்கு வரும். இன்றும் அப்படித்தான் வருகிறது. மானியத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டு, பசுமை உரம் என்று இன்னொரு பக்கம் பேசினால், விலை விவசாயியின் முதுகில்தான் ஏறும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அம்மோனியாவை யூரியாவாக்கக் கரியமில வாயு வேண்டும். அந்த வாயுவை நம் சிமெண்டுச் சூளைகள் இரவு பகலாக விட்டுக்கொண்டிருக்கின்றன. அதைப் பிடித்துச் சுத்தம் செய்து உரத்துக்கு உபயோகிக்கக் கட்டுபடியாகுமா என்பதை ஆராய வேண்டியது சர்க்கார் விஞ்ஞானிகள். வயலில் போட்ட பிறகு அந்த வாயு ஆகாயத்துக்குத் திரும்பிவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் ஒரே வாயு இரண்டு வேலை செய்யும். அரியலூரில் 1979 முதல் ராஜ்ய சர்க்காரின் சொந்த சிமெண்டு ஆலை ஓடுகிறது. பரிசோதனையை அங்கேயே தொடங்கலாமே!

நிலமும் நீரும்

நிலத்தைப் பற்றி நம் இரு ஜில்லாக்களுக்கும் யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின்சாரத் திட்டம் என்று சொல்லி, 1990-களில் ஆயிரக்கணக்கான ஏக்கரை எடுத்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. நஷ்டஈட்டுக்காக விவசாயிகள் கோர்ட்டுப் படிகளில் வயதைக் கழித்தார்கள். கடைசியில் நிலத்தைத் திருப்பித் தரும் முடிவுக்குச் சர்க்கார் வரவேண்டியதாயிற்று. பெரம்பலூர் ஜில்லாவில் திருமாந்துறை பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சுமார் 3,000 ஏக்கர் எடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அதில் பெரும்பகுதியில் முள் முளைத்தது.

50 லட்சம் டன் ஹைட்ரஜனுக்கு 125 ஜிகாவாட் சூரிய, காற்று மின்சார நிலையங்கள் வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. அதில் பெரும் பங்கு சூரிய மின்சாரமாகத்தான் இருக்கும். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நாலைந்து ஏக்கர் பிடிக்கும். "மானாவாரிதானே, வெறும் நிலம்தானே" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற நிலம் வெறும் நிலமா? கல் தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கப் பள்ளங்கள் அரியலூரைச் சுற்றி எத்தனை கிடக்கின்றன! பலகை நட வேண்டுமென்றால் முதலில் அங்கே நடட்டும்.

தண்ணீர்க் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் பிரிகிறது. சுத்திகரிப்பு, குளிரூட்டல் எல்லாம் சேர்த்தால் இருபது, முப்பது லிட்டர் ஆகும். தேசம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 3 முதல் 5 டி.எம்.சி.தான். சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தபடி கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய காவிரி நீர் 177.25 டி.எம்.சி. ஆகவே நாடே வறண்டுபோகும் என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் தண்ணீரை நாடு முழுவதிலிருந்தும் சொட்டுச் சொட்டாக எடுக்க மாட்டார்கள். ஒரே இடத்தில் எடுப்பார்கள். கிணறு ஆழம் போய்க்கொண்டிருக்கும் ஒரு வட்டாரத்தில் பெரிய ஆலை வந்தால், பக்கத்து ஊர்க் கிணறு என்ன ஆகும்? நிலத்தடி நீரைத் தொடக்கூடாது. கடல்நீரைச் சுத்திகரித்தோ, நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்தோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

திட்டமிட்டால் முடியும்

உள்நாட்டு யுத்தத்தின் இடிபாட்டில் நின்றுகொண்டே, 1920-ல் லெனின் தலைமையில் சோவியத் ருஷ்யா மின்மயத் திட்டம் தீட்டியது. முப்பது பெரிய மின்நிலையங்கள் என்று குறி வைத்து வேலை செய்தது. இன்று ஹைட்ரஜன் எடுக்கும் யந்திரங்களைச் செய்யும் உலகத் திறனில் பாதிக்கு மேல் சீனாவில் இருக்கிறது. 2023-ல் சின்ஜியாங் பகுதியில், ஆண்டுக்கு 20,000 டன் ஹைட்ரஜனைக் குறி வைத்துச் சூரிய மின்சாரத்தால் இயங்கும் ஆலையைத் தொடங்கியது அங்குள்ள சர்க்கார் ஸ்தாபனமே. ஊக்கத்தொகை கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத் திட்டமிடுதல் என்று பெயரில்லை.

ஆகவே நாம் கோருவது இது:

1. ஹைட்ரஜன் உற்பத்தியிலும் யந்திர உற்பத்தியிலும் பொதுத்துறைக்கு முதலிடம். திருச்சி பெல்லுக்கு வேலை. காரைக்குடி நிலையத்துக்கு ஆராய்ச்சிப் பணம்.

2. சர்க்கார் பணம் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியிலும் சர்க்காருக்குப் பங்கு. கணக்கு ஜனங்கள் பார்வைக்கு.

3. உள்நாட்டு உரத்துக்கு முதலில், ஏற்றுமதி பிறகு. உரமானியத்தில் வெட்டு இல்லை.

4. கிராம சபையின் சம்மதம் இல்லாமல் ஒரு சென்ட் விளைநிலமும் கூடாது. குத்தகைதாரருக்கும் கூலித் தொழிலாளருக்கும் நஷ்டஈட்டில் பங்கு.

5. நிரந்தர வேலை. ஹைட்ரஜன் மிக எளிதில் கசியும் வாயு. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். பகலில் அதன் ஜ்வாலை கண்ணுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஆலையைக் காண்ட்ராக்ட் கூலியை வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

தோழர்களே! கோரிக்கை காகிதத்தில் இருந்தால் போதாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. சூரிய மின்சாரம் என்றோ ஹைட்ரஜன் என்றோ நிலம் கேட்டு உங்கள் ஊருக்கு ஆள் வந்தால், மூன்று கணக்கைக் கேளுங்கள்: எத்தனை ஏக்கர், எவ்வளவு தண்ணீர், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை. எழுத்தில் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். சூளைத் தொழிலாளியும் மானாவாரி விவசாயியும் ஒரே சங்கப் பலகையின் கீழ் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் சொல்லாமல் எந்தச் சர்க்காரும் தப்ப முடியாது.

விஞ்ஞானம் வளரட்டும், அதன் பலன் உழைப்பவன் வீட்டுக்கு வரட்டும்!